மோசமான நாளைச் சொல்லாத அம்மாக்கள்

1

சில மாதங்களுக்கு முன்பு வசந்தா அக்கா வீட்டில் எனக்குக் கேசரி கிடைத்தது. நெய் மணக்க, முந்திரி போட்டு, வெள்ளிக் கிண்ணத்தில். கிண்ணத்தைப் பார்த்ததுமே இன்றைக்குக் காரியம் கெட்டது என்று தெரிந்துபோனது.

நான் மெல்பர்ன் நகரத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கான சேவையில் கேஸ் மேனேஜராக இருக்கிறேன். வசந்தா அக்கா திருச்சிக்காரர். (பெயரையும் அடையாளத்தையும் மாற்றித்தான் எழுதுகிறேன். இல்லாவிட்டால் எனக்கு வேலை போய்விடும்.) அவருடைய மகன் அர்ஜுனுக்குப் பத்தொன்பது வயது. பேச்சு அதிகம் வராது. கோபம் வந்தால் தலையைச் சுவரில் மோதிக்கொள்வான். அவனைப் பார்த்துக்கொள்ள வாரத்தில் இத்தனை மணி நேரம் ஆள் அனுப்பலாம் என்று அரசாங்கம் ஒரு கணக்குக் கொடுக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை ஓர் அம்மணி வந்து பார்த்துவிட்டு, அந்த நேரம் போதுமா, குறைக்கலாமா என்று எழுதிக்கொண்டு போவார். அந்த அம்மணி வருகிற நாள்தான் அது.

தொண்டைத் தண்ணீர் வற்ற நான் சொல்லியிருந்தேன். "அக்கா, நல்ல நாளைப் பத்திப் பேசாதீங்க. மோசமான நாள் எப்படி இருக்கும்னு சொல்லுங்க. ராத்திரி தூங்காததைச் சொல்லுங்க, உங்க கையக் கடிச்சதச் சொல்லுங்க." அக்காவும் சரி சரி என்று தலையை ஆட்டியிருந்தார்.

நான் போய்ச் சேர்ந்தபோது அர்ஜுன் இஸ்திரி போட்ட சட்டையில், நெற்றியில் விபூதியோடு, சோபாவின் நுனியில் உட்கார்ந்திருந்தான். அம்மணி உள்ளே வந்ததும் அக்கா அவன் முதுகில் லேசாகத் தட்டினார். அவன் "குட் மார்னிங்" என்றான். அந்த ஒரு வார்த்தைக்கு எத்தனை நாள் பாடம் நடந்ததோ. அதற்குப் பிறகு எல்லாக் கேள்விக்கும் அக்காவிடம் ஒரே பதில்தான். மகன் ரொம்ப நல்லவன், ஒரு தொந்தரவும் கிடையாது, தன் வேலையைத் தானே செய்துகொள்வான். நான் குறுக்கே புகுந்து ஏதேதோ சொல்லிப் பார்த்தேன். பெற்றவள் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது சம்பளத்துக்கு வந்தவள் பேச்சு எங்கே எடுபடும்? அம்மணி கேசரியை ருசித்துச் சாப்பிட்டார். செய்முறை கூடக் கேட்டு எழுதிக்கொண்டார்.

அவர் போன பிறகு நான் கொஞ்சம் கடுமையாகவே கேட்டேன். ஏன் அக்கா இப்படிப் பண்ணீங்க?

அக்கா கிண்ணங்களை எடுத்துக்கொண்டே சொன்னார். "வீட்டுக்கு வந்த வெள்ளக்காரிகிட்ட எம்புள்ள படுக்கையிலயே மூத்திரம் போறான்னு எப்படி சுமதி சொல்றது? நீ சொல்லுவியா?"

சொல்லுவேன் என்றுதான் சொன்னேன். சொல்லிவிட்டுக் காரில் வந்து உட்கார்ந்தவள் வண்டியைக் கிளப்ப முடியாமல் ரொம்ப நேரம் அப்படியே இருந்தேன். சிதம்பரத்தில் எனக்கும் ஓர் அம்மா இருக்கிறாள். என் தம்பி குமரன் அவளோடுதான் இருக்கிறான்.

2

என் வேலையை ஊரில் யாருக்கும் விளக்க முடிந்ததில்லை. அம்மா அக்கம்பக்கத்தில், "ஊனமானவங்களுக்கு ஆள் ஏற்பாடு பண்ணித் தர்ற ஆபீஸ்ல இருக்கா" என்பாள். அதுதான் உண்மை. மீதியெல்லாம் வார்த்தை அலங்காரம். இங்கே நாங்கள் நோயாளி என்று சொல்லக் கூடாது. பார்ட்டிசிபன்ட் என்று சொல்ல வேண்டும். ஒருவன் கையில் கிடைத்ததை எடுத்து அடித்தால் அடித்தான் என்று எழுதக் கூடாது. கவலைக்குரிய நடத்தை என்று எழுத வேண்டும். பெற்ற தாய்க்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்: இன்ஃபார்மல் சப்போர்ட். சம்பளம் இல்லாமல் கிடைக்கிற உதவி என்று அர்த்தம். அந்த உதவி எவ்வளவு காலம் தாங்கும் என்று படிவத்தில் ஒரு கேள்வி இருக்கும். அம்மாக்களின் வயதைப் பார்த்து, முதுகு வலியைப் பார்த்து, தாங்காது என்று நான் எழுதுவேன். எழுதி எழுதிக் கை பழகிவிட்டது.

இந்த வேலையில் சேர்ந்த புதிதில் எனக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடமே மோசமான நாள்தான். வருகிறவர் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்ப்பார். அந்த ஒரு மணி நேரத்தில் பிள்ளை சமர்த்தாக இருந்தால் வருடம் முழுக்கச் சமர்த்து என்று எழுதிவிடுவார். ஆகவே வீட்டில் நடந்ததிலேயே கேவலமான நாள் எதுவோ அதை எடுத்து மேசையில் வை என்பார்கள். இந்த ஊர்க்காரர்களுக்கு அது கைவந்த கலை. பெற்றவர்கள் குரல் நடுங்காமல், வரிசையாக, மலச்சிக்கல் வரைக்கும் சொல்வார்கள். நம் ஆட்களிடம்தான் நான் தோற்கிறேன். பிள்ளைக்குப் பவுடர் போட்டு உட்காரவைத்துவிட்டு எல்லாம் நல்லாத்தான் இருக்கு என்பார்கள். பெண் பார்க்க வந்தவர்களிடம் பேசுவதைப் போலப் பேசுவார்கள்.

எனக்கு எரிச்சல் வரும். ஆனால் இந்த நாடகத்தின் முதல் காட்சியை நான் சின்ன வயதிலேயே பார்த்தவள்.

3

குமரன் என்னைவிட நான்கு வயது சின்னவன். நாற்பதை நெருங்கிவிட்டான், இன்னமும் தெருவில் அவனுக்குப் பையன் என்றுதான் பெயர். பிறந்தபோதே மூச்சுத் திணறி நீலம் பாய்ந்து பிறந்தான். பேசுவான், ஆனால் சொந்தப் பேச்சு கிடையாது. எங்கள் வீடு சிதம்பரம் தெற்கு வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில். அப்பா அவனை மாலையில் பேருந்து நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போவார். கண்டக்டர்கள் கூவுவதைக் கேட்டுக் கேட்டு அது மட்டும் அவனுக்கு அப்படியே படிந்துவிட்டது. "பி.முட்லூர், புதுச்சத்திரம், ஆலப்பாக்கம், கடலூர் கடலூர்! ஏறு ஏறு ஏறு!" என்பான். வடலூர் வழி தனி, காட்டுமன்னார்கோயில் வழி தனி. ஓர் ஊர் விட்டுப்போகாது. அப்பா போன பிறகும் அது போகவில்லை.

அவனுக்கு மாற்றுத்திறனாளி அட்டை வாங்குவதற்காகக் கடலூரில் ஒரு முகாமுக்குப் போனோம். நான் அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். அம்மா விடியலிலேயே அவனைக் குளிப்பாட்டி, தீபாவளிச் சட்டையைப் போட்டு, தலையைப் படிய வாரி, கர்சீப்பைப் பையில் குத்தி அழைத்துக்கொண்டு வந்தாள். டாக்டர் அவன் பெயரைக் கேட்டார். அம்மா முந்திக்கொண்டு, "ஊரெல்லாம் சொல்லுவான் சார். சொல்லுடா கண்ணு" என்றாள். குமரன் கடலூர் வரைக்கும் சொன்னான். வரிசையில் நின்றவர்கள் கைதட்டினார்கள். அம்மாவுக்கு முகமெல்லாம் பூரிப்பு. டாக்டரும் சிரித்துக்கொண்டே எதையோ எழுதி முத்திரை குத்தினார். குறைபாடு பாதி கூட இல்லை என்று எழுதியிருந்தார். பெரிய உதவி எதற்கும் அந்த அட்டை உதவாது என்று வெளியில் வந்த பிறகுதான் ஒருவர் சொன்னார்.

அம்மா அதற்காக வருந்தவே இல்லை. "அவ்வளவு ஒண்ணும் ஜாஸ்தி இல்லன்னு டாக்டரே எழுதிட்டாரு" என்று தெருவில் சொல்லிக்கொண்டு வந்தாள்.

4

வசந்தா அக்கா வீட்டுக்குப் போய் வந்த சில வாரத்தில், அம்மா விழுந்த செய்தி எனக்கு அலுவலகத்தில் இருக்கும்போது வந்தது. குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. செல்வம் மாமாதான் பேசினார். அவர் அம்மாவின் தம்பி, காட்டுமன்னார்கோயிலில் அரிசி மில்லில் கணக்கு பார்க்கிறவர். அறுவை முடிந்ததென்றும் இனிமேல் வாக்கர் பிடித்துத்தான் நடக்க வேண்டும் என்றும் சொன்னார். அதுவரைக்கும் குமரனைத் தன் வீட்டில் வைத்திருந்தார்.

"எம்மா, நான் வச்சிக்கக் கூடாதுன்னு இல்ல. மருமவ முழுவாம இருக்கா. குமரன் மாப்ள நேத்து தட்ட வீசுனதுல அவ பயந்துட்டா. நீ வந்து ஒரு வழி பண்ணு" என்றார்.

இங்கே அழைத்துக்கொள்ளலாமே என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். அம்மாவை அழைக்கலாம். குமரனை அழைக்க முடியாது. வக்கீலைப் பார்த்தேன். அவர் விசா படிவத்தில் மருத்துவப் பரிசோதனை என்ற இடத்தில் விரலை வைத்து, இதைத் தாண்ட மாட்டார் என்றார். இவரைப் பராமரிக்க நாட்டுக்கு ஆகும் செலவு அதிகம் என்று சொல்லித் திருப்பிவிடுவார்களாம். குமரனைப் போன்றவர்களைப் பார்த்துக்கொள்ள இந்த நாடு எனக்குச் சம்பளம் கொடுக்கிறது. குமரனை மட்டும் உள்ளே விடாது. நான் கோபப்பட்டு ஏதோ சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். அவரும் எத்தனை அக்காக்களைப் பார்த்திருப்பார்.

நானே அங்கே போய் இருந்துவிடலாம். அதையும் யோசிக்காமல் இல்லை. கணவர், வீட்டுக் கடன், பத்தாம் வகுப்பில் இருக்கும் மகள் என்று வரிசையாகக் காரணம் இருக்கிறது. எல்லாம் நியாயமான காரணம்தான். இருந்தும் ஒவ்வொன்றாகச் சொல்லும்போது வாய் கூசுகிறது.

விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். அம்மாவைக் கட்டிலில் பார்த்தபோது அழுகை வந்தது. அவள் கண்ணில் பொட்டுத் தண்ணீர் இல்லை. "வழுக்கி வுழுந்ததுக்கு எதுக்குடி இவ்வளவு தூரம் பிளேன் ஏறி வந்த? போ, போயி சாப்புடு" என்றாள்.

5

குமரனைச் சேர்க்க ஓர் இல்லம் தேடி எத்தனை இடத்துக்குப் போன் பண்ணினேன் என்று கணக்கில்லை. பழக்க தோஷத்தில் முதல் ஆளிடம், "அவருக்கு என்னென்ன சப்போர்ட் தேவைப்படுதுன்னா..." என்று ஆரம்பித்தேன். அந்தப் பக்கத்தில், "மேடம், பையனுக்கு என்ன கம்ப்ளைன்ட்? அதச் சொல்லுங்க" என்றார்கள். சொன்னேன். என் தொழில் புத்தி, மோசமான நாளிலிருந்து ஆரம்பித்தேன். வலிப்பு வரும், படுக்கை நனையும், கோபம் வந்தால் கையில் இருப்பதை வீசுவான். சொல்லி முடிப்பதற்குள் இடம் இல்லை என்று பதில் வந்துவிடும். அடுத்த இடத்தில் கொஞ்சம் குறைத்துச் சொல்வேன். அங்கேயும் அதே பதில்தான்.

எனக்குப் புரிய நாலைந்து நாள் பிடித்தது. மெல்பர்னில் எவ்வளவு மோசமோ அவ்வளவு உதவி கிடைக்கும். ஊரில் எவ்வளவு நல்லவனோ அவ்வளவு இடம் கிடைக்கும். இடம் நடத்துகிறவர்கள் மேல் தப்புச் சொல்ல எனக்கு வாயில்லை. நாலு ஆயாவை வைத்துக்கொண்டு ஒரு கூட்டத்தையே சமாளிக்கிறார்கள். அமைதியாக இருப்பவனைத்தான் அவர்களால் வைத்துக்கொள்ள முடியும். தீபாவளிச் சட்டையும் கர்சீப்புமாக அம்மா கடலூருக்குக் கிளம்பியது முட்டாள்தனம் என்றே நான் இத்தனை காலம் நினைத்திருந்தேன். ஊரை அவள் என்னைவிட நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறாள்.

கடைசியில் மாமாதான் கடலூரில் ஓர் இல்லத்தைப் பிடித்தார். ஊருக்குக் கொஞ்சம் வெளியே, சவுக்குத் தோப்பை ஒட்டி. தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்பவர்களுக்கு மட்டும் இடம். வலிப்பு உள்ளவர்களை எடுப்பதில்லை.

கடலூருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் மகள் இனியா வீடியோவில் வந்தாள். அவள் பேசுவது முக்கால்வாசி ஆங்கிலம். அவளுக்கு எல்லாம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "குமரன் மாமாவிடம் யாராவது கேட்டீர்களா, அவருக்கு எங்கே இருக்க விருப்பம் என்று?" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. அதைக் கேட்பதற்குத்தான் எனக்கு மெல்பர்னில் சம்பளம். சொந்தத் தம்பியிடம் கேட்க எனக்குத் தோன்றவில்லை.

போனை வைத்துவிட்டு அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "குமரா, நீ எங்கடா இருக்கப் போற? இங்க அம்மாகிட்டயா, கடலூர்லயா?"

அவன் முகம் மலர்ந்தது. "கடலூர் கடலூர் கடலூர்! ஏறு ஏறு ஏறு!"

அம்மா கட்டிலிலிருந்து, "கேட்டுட்டியா? திருப்தியா?" என்றாள்.

6

மாமாவின் காரில் போனோம். அம்மா வரக் கூடாது என்று எல்லோரும் சொன்னோம். கேட்கவில்லை. வாக்கரை டிக்கியில் போட்டுக்கொண்டு, இடுப்புக்குக் கீழே தலையணையை வைத்துக்கொண்டு, வழி முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தாள். குமரனுக்குப் புதுச் சட்டை. வழியெல்லாம் அவன் ஊர்ப் பெயரைக் கூவிக்கொண்டே வந்தான். கார் உண்மையிலேயே ஆலப்பாக்கத்தைத் தாண்டியபோது அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

இல்லத்துப் பொறுப்பாளர் சாந்தமான மனிதர். அம்மாவுக்கு நாற்காலி போட்டு, காலுக்கு ஒரு முக்காலியும் போட்டார். பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"தானா சாப்புடுவாராம்மா?"

"நல்லா சாப்புடுவான் சார். ஒரு பருக்க கீழ சிந்தாது."

"குளிக்கிறது, வெளிக்குப் போறது?"

"எல்லாம் அவனே பாத்துக்குவான்."

"ஃபிட்ஸ் வருமா?"

"சின்னப் புள்ளயில வந்துது சார். இப்ப இல்ல."

போன மாதம் வந்தது. மாத்திரை என் கைப்பையில் இருந்தது. பொறுப்பாளர் என் முகத்தைப் பார்த்தார். நான் ஜன்னல் பக்கம் பார்த்தேன். முதலில் இடம் கிடைக்கட்டும், நாளைக்குப் போன் போட்டு மாத்திரையைப் பற்றி எப்படியாவது சொல்லிக்கொள்ளலாம் என்று மனதுக்குள் ஒரு ஏற்பாடு. என் அலுவலகத்தில் எனக்குக் கீழே இருப்பவள் இப்படிச் செய்திருந்தால் நானே அவளை வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். மாமா மட்டும், "சாது சார் அவன். சத்தம் போடுவான், அவ்வளவுதான்" என்று சேர்த்துக்கொண்டார்.

பொறுப்பாளர் சரி என்றார். பையை வாங்கிக்கொண்டார். ஒரு நடுத்தர வயது ஆயாவைக் கூப்பிட்டு, குமரனை உள்ளே அழைத்துக்கொண்டு போகச் சொன்னார். அந்தம்மா சிரித்துக்கொண்டே, "வா தம்பி, ஒனக்குக் கட்டில் காட்டறேன்" என்று கையை நீட்டினார்.

குமரன் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான். "ஏறு ஏறு" என்று சொல்லிக்கொண்டே நடந்தான். நீளமான நடைபாதை. அவன் அம்மாவைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. நாங்கள் எல்லோரும் அவன் அழுவான், புரண்டு ரகளை பண்ணுவான் என்று பயந்திருந்தோம். அவன் பாட்டுக்குப் போனான்.

நான் பெருமூச்சு விட்டேன். மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்போதுதான் அம்மா, "சார், ஒரு நிமிஷம்" என்றாள்.

அவள் குரல் மாறியிருந்தது. நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"நான் பொய் சொல்லிட்டேன் சார். அவனுக்கு ஃபிட்ஸ் வரும். போன மாசம் வந்துது. ராத்திரி படுக்கையிலயே போயிடுவான், நாந்தான் எழுந்து துணி மாத்துவேன். சோறு நாந்தான் ஊட்டணும். ஒரு தரம் கதவு தொறந்து கெடந்துது, ரோட்டுக்கு ஓடி பஸ்சு முன்னாடி நின்னுட்டான். கோவம் வந்தா கண்ணு மண்ணு தெரியாது."

"அக்கா!" என்று மாமா எழுந்தார்.

அம்மா அவரைப் பார்க்கவில்லை. பொறுப்பாளரையே பார்த்துச் சொன்னாள். "நான் வழுக்கி வுழல சார். அவந்தான் தள்ளுனான். தண்ணி சுட்டுதுன்னு தள்ளிட்டான். அதுலதான் இடுப்பு போச்சு."

வேலையில் சேர்ந்த நாளிலிருந்து எத்தனையோ அம்மாக்களிடம் மோசமான நாளைச் சொல்லுங்கள் என்று கெஞ்சியிருக்கிறேன். இவ்வளவு சுத்தமாக, ஒன்று விடாமல் யாரும் சொன்னதில்லை. அவன் தள்ளியதை என்னிடம்கூட அம்மா சொல்லவில்லை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போனில் "நல்லா இருக்கான்" என்றவள். அவளுக்கு அடி விழுந்துகொண்டிருந்தது என்று எனக்கு அந்த நிமிடம்தான் தெரியும்.

பொறுப்பாளர் பேனாவை மூடி வைத்தார். பிறகு, "முன்னாடியே சொல்லிட்டீங்க, நல்லதும்மா. இங்க ராத்திரிக்கு ஒரே ஆள்தான் இருக்காங்க. ஃபிட்ஸ் வந்தா அவுங்களால தாங்க முடியாது. மன்னிச்சிக்குங்க" என்றார். பையைத் திருப்பிக் கொடுத்தார். வேறு ஏதாவது இடம் தெரியுமா என்று நான் கேட்டேன். தேடிப் பார்க்கிறேன் என்றார். நானும் தினமும் இதே பதிலைப் பலருக்குச் சொல்கிறவள்தான்.

குமரனை ஆயா திரும்ப அழைத்துக்கொண்டு வந்தார். வருவதற்கு அவனுக்கு மனமில்லை. வாசலில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். மாமாவும் நானும் விரல் விரலாகப் பிரித்து இழுத்துக் காரில் ஏற்றினோம்.

7

கார் புதுச்சத்திரம் வந்ததும் மாமா பொங்கிவிட்டார்.

"ஒனக்கு இன்னா புத்தி கெட்டுப்போச்சாக்கா? கெடைக்காத எடம் கெடச்சுது. அவனே சந்தோஷமாப் போனான். வாய மூடிகினு இருந்தா ஆவாதா?"

அம்மா பின் சீட்டில் குமரனின் தலையை வாரிக்கொண்டிருந்தாள். "அவன் போனான்டா. நாளைக்கி அவுங்களுக்குத் தெரியவரும் இல்ல? பொய் சொல்லிட்டு வுட்டுட்டுப் போயிட்டாங்கன்னு அந்த ஆத்திரத்த யாரு மேல காட்டுவாங்க? அங்க வுட்டா இவன அடிப்பாங்க. எங்கிட்ட இருந்தா இவன் என்ன அடிப்பான். அவ்வளவுதானே?"

அவள் சொன்னது முழுக்க உண்மையா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம் உண்டு. அவன் திரும்பிப் பார்க்காமல் போனதை அவளால் தாங்க முடியவில்லை என்றும் நினைக்கிறேன். இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். அதை அவளிடம் கேட்கும் தைரியம் எனக்கு வரவில்லை.

பக்கத்துத் தெரு மல்லிகாவைக் காலையும் மாலையும் வந்து போக ஏற்பாடு செய்தேன். குளியலறையில் கைப்பிடி அடித்தேன். மாத்திரை நேரத்தைச் சுவரில் எழுதி ஒட்டினேன். மெல்பர்னில் ஒரு வீட்டுக்கு என்னென்ன செய்வேனோ அதில் என்னால் முடிந்ததையெல்லாம் செய்தேன். ராத்திரிக்கு ஆள் கிடைக்கவில்லை. வருகிறேன் என்ற ஒரு பெண் குமரனை ஒருமுறை பார்த்துவிட்டு வரவே இல்லை.

மெல்பர்னுக்குக் கிளம்பும் நாளில் பெட்டியைக் கட்டி வைத்துவிட்டு அம்மாவின் எதிரில் உட்கார்ந்தேன். எங்கள் வேலையில் எல்லா வீட்டிலும் கடைசியாகக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. அதைக் கேட்டேன். "உனக்கப்பறம் இவனுக்கு என்னம்மா ஏற்பாடு?"

"ஏற்பாடா?" என்றாள். குமரன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு யாரையோ காட்டுமன்னார்கோயிலுக்கு ஏற்றிக்கொண்டிருந்தான். அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "எனக்கு ஒரு நாள் முந்தி அவன எடுத்துக்கோடி ஆத்தான்னு தில்லைக் காளிகிட்ட சொல்லி வச்சிருக்கேன். வெள்ளிக்கெழம தவறாம போயி சொல்லிகினுதான் இருந்தேன். இப்ப நடக்க முடியல, இங்கேர்ந்தே சொல்றேன். வேற இன்னா ஏற்பாடு பண்ணச் சொல்ற என்ன?"

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. அவள் எனக்கு விபூதி வைத்துவிட்டாள்.

8

அர்ஜுனுக்கு மணி நேரத்தைக் குறைத்துக் கடிதம் வந்துவிட்டது. மறுபரிசீலனைக்கு எழுதிப் போட்டிருக்கிறேன். மாதக் கணக்கில் ஆகும். நேற்று வசந்தா அக்கா போன் செய்து, "கோவமா சுமதி?" என்றார். இல்லை அக்கா என்றேன். முன்பெல்லாம் வந்த எரிச்சல் இப்போது வரவில்லை. அதனால் அர்ஜுனுக்கு ஒரு மணி நேரம்கூட அதிகம் கிடைக்கப் போவதில்லை.

அம்மா ஞாயிற்றுக்கிழமை போனில், "நல்லா இருக்கான், நானும் நல்லா இருக்கேன்" என்கிறாள். கேமராவை முகத்துக்கு மட்டும் வைக்கச் சொல்லி மல்லிகாவிடம் சொல்லியிருக்கிறாள் போல. கையைக் காட்டு என்றால் சிக்னல் இல்லை என்கிறாள். நான் இங்கே அழுத்திக் கேட்டால் அங்கே போனை வைத்துவிடுவாள், அப்புறம் அந்த முகமும் கிடைக்காது.

இன்று அப்பாவின் திதி. வழக்கம்போல இங்குள்ள கோயிலுக்குப் போனோம். இனியா கோயிலுக்கு வருவதையே விட்டுவிட்டவள். நான் ஊரிலிருந்து திரும்பிய பிறகு என்ன தோன்றியதோ, தானாகவே காரில் ஏறிக்கொண்டாள். அம்மன் சன்னிதியில் நின்றேன். என்ன கேட்பதென்று கொஞ்ச நேரம் தெரியவில்லை. அம்மாவுக்கு நீண்ட ஆயுள் கேட்கலாம். அவளுக்கு எழுபத்திரண்டு, அவனுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. எவ்வளவு நீட்டிக் கேட்டாலும் அது அவன் ஆயுளுக்கு எட்டாது. கேஸ் மேனேஜர் மூளை அங்கேயும் கணக்குப் போட்டது. மிஞ்சியது ஒன்றுதான். அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, அம்மா தில்லைக் காளியிடம் கேட்டதையே நானும் கேட்டேன். என்னோடு ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவனுக்காக அதைக் கேட்டேன்.

கண்ணைத் திறந்தபோது இனியா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குமரன் மாமாக்காக ப்ரே பண்ணியா?"

"ம்."

"என்ன கேட்ட?"

"ஒன் பாட்டி என்ன கேட்டாங்களோ அதான்."

அவள் சரி என்று தலையை ஆட்டினாள். செருப்பில்லாத கால்களைச் சேர்த்து வைத்துக்கொண்டாள். எத்தனையோ வருடம் கழித்து இரண்டு கையையும் கூப்பினாள்.

"அப்ப எனக்கும் சேம்" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.